பச்சை ஏறாத மஞ்சள்

பாத்ரூம் கதவுக்கு வெளியே, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான் தண்டபாணி. வெள்ளிக்கிழமை காலை. உள்ளே அவன் மகள் மௌனிகா, கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தோடு. எழுந்ததும் போகிற முதல் ஒண்ணுக்கை அவள் அதில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். இவன் அதில் ஒரு குச்சியை நனைத்து, நுனியில் ஒட்டியிருக்கிற மஞ்சள் கட்டம் மஞ்சளாகவே இருக்கிறதா, பச்சை ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும். மஞ்சளாகவே இருந்தால் பிள்ளையின் கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சை ஏறினால் உள்ளேயிருந்து புரதம் ஒழுகுகிறது, அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள், சீக்கிரம் வந்தால் மருந்தில் பிடித்துவிடலாம், தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவ்வளவுதான் வேலை. கரூரில் பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் இத்தனை வருசமாய்ப் பெயிண்ட் அடிக்கிற மனுசன், எந்த முதலாளி எந்த பஸ்ஸைக் காட்டி இதே கலர் வேணும் என்றாலும் டப்பாவில் கலக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறவன், ஒரு மஞ்சளையும் ஒரு பச்சையையும் பார்த்துச் சொல்வதற்குப் போய்ப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். வெட்கக்கேடுதான். ஆனால் யாரிடம் போய் வெட்கப்படுவது? சமையல்கட்டில் பொண்டாட்டி கலாமணி தோசைக்கல்லைத் துடைக்கிற சத்தம் கேட்டது. துடைத்த கல்லையே துடைத்துக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் அவளும் மனுசியாக இருப்பதில்லை. "ஆச்சுங்களா சாமி?" என்று கதவைப் பார்த்துக் கேட்டான். "இருங்கப்பா!" என்றது உள்ளேயிருந்து. அதோடு சரி, வேறு பேச்சில்லை. மௌனிகா என்று பேர் வைத்தவன் இவன்தான். வைத்த நாளிலிருந்து அந்தப் பேருக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பாத்ரூமுக்குள் போனால் பல்லியோடு பேசுவாள், சோப்போடு சண்டை பிடிப்பாள், வாளிக்குப் பாடம் நடத்துவாள். கொஞ்ச நாளாய்த்தான் இப்படி, வெள்ளிக்கிழமையானால் வாயைத் திறப்பதில்லை. பிள்ளைக்கும் பயம் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டான். குழாய் திறந்து மூடிய சத்தம் கேட்டது. கை கழுவுகிறாள் போலிருக்கிறது.

அன்றைக்கும் இப்படி ஒரு காலைதான். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம் என்று நினைக்கிறபோதே அது வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி சாக்ஸ் மாட்டக் காலை நீட்டினாள், கெண்டைக்காலில் பொடிப்பொடியாய்ச் சிவப்புப் புள்ளி. சும்மா சிவப்பு இல்லை, மெரூன். முந்தின நாள் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸுக்கு மெரூன் அடித்திருந்தான், அச்சு அசல் அதே மெரூன். பெயிண்ட் பீய்ச்சுகிற கன்னில் காற்று கூடிப்போனால் பெயிண்ட் புகையாய்ப் பறக்கும், எங்கெங்கோ போய்ப் பொடியாய் உட்காரும், சாயங்காலம் கலாமணி டிபன் கொண்டுவந்தபோது பிள்ளையும் கூடவே வந்து பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி ஓடினாளே, அங்கே ஒட்டியிருக்கும் என்றுதான் நினைத்தான். வேறு என்ன நினைப்பான் பெயிண்டடிக்கிறவன்? ஒரு வாத்தியார் வீட்டில் கொசுக்கடி என்றிருப்பார்கள், ஒரு பூசாரி வீட்டில் அம்மை என்று வேப்பிலை சொருகியிருப்பார்கள். இவன் வண்டிப் பெட்டியிலிருந்து பெயிண்டைக் கரைக்கிற தின்னரை எடுத்தான். பனியன் வேஸ்ட் துணியை அதில் நனைத்து, பிள்ளையின் காலைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு தேய்த்தான். "எரியுதுப்பா." "கொஞ்சம் பொறுத்துக்குங்க சாமி, மிஸ்ஸு திட்டுவாங்கள்ல." தேய்க்கத் தேய்க்கப் புள்ளி போகவில்லை, புள்ளியைச் சுற்றியிருந்த நல்ல தோல்தான் சிவந்தது. பெயிண்டாக இருந்தால் வேஸ்ட்டில் நிறம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அதைப் பார்த்தான். பார்த்தபிறகும் இன்னொரு தரம் நனைத்துத் தேய்த்தான். அந்த இன்னொரு தரம்தான் இப்போதும் கையிலேயே இருக்கிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் விரலிடுக்கில் தின்னர் வாசனை வருகிற மாதிரி இருக்கிறது, கலாமணியிடம் மோந்து பார்க்கச் சொன்னால் ஒண்ணுமில்லீங்க, பைத்தியமாட்டம் பண்ணாதீங்க என்கிறாள். அன்றைக்குச் சாயங்காலமே பிள்ளைக்குக் கணுக்கால் ரெண்டும் பொம்மென்று வீங்கிவிட்டன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். தூக்கிக்கொண்டு ஓடினான். தோளில் தலையைப் போட்டுக்கொண்டு, "அப்பா, பெயிண்டு உள்ள போயிருச்சா?" என்று கேட்டாளே, அந்தக் கேள்வி. அடக் கடவுளே, அந்தக் கேள்வி.

டாக்டரம்மா புள்ளிமேல் விரலை வைத்து அழுத்தினார், எடுத்தார். புள்ளி அப்படியே இருந்தது. சாதாரணத் தடிப்பாக இருந்தால் அழுத்தினால் வெளுக்கும், இது தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது, அதனால் வெளுக்காது என்றார். "கொஞ்ச நாள் முன்னாடி சளி, காய்ச்சல் ஏதாவது வந்துதா?" வந்தது. வராத பிள்ளை உண்டா? தொண்டை கட்டிக்கொண்டு தவளை மாதிரிப் பேசினாள், அந்தத் தொண்டையோடும் ஓயாமல் பேசினாள், கஷாயம் வைத்துக் கொடுத்து அதுவாகவே போய்விட்டது. அதுதான் என்றார் டாக்டரம்மா. சளிக் கிருமியோடு சண்டை போட உடம்பு ஆள் அனுப்புமாம். கிருமி போனபிறகும் அந்த ஆட்களுக்குச் சண்டையை நிறுத்தத் தெரியாமல், நம்முடைய சின்னச் சின்ன ரத்தக் குழாய்களையே போட்டு அடிப்பார்களாம். குழாய் வீங்கும், கசியும், காலில் புள்ளியாய்த் தெரியும், மூட்டில் வீக்கமாய், வயிற்றில் வலியாய்த் தெரியும். இதெல்லாம் தானாகவே அடங்கிவிடும், பயப்படாதீங்க. "கிட்னியிலயும் அதே மாதிரிச் சின்னக் குழாய்ங்க இருக்கு. அங்க அடிச்சா மட்டும் வெளிய தெரியாது, வலிக்காது. அதை நாமதான் தேடிப் பார்க்கணும்." வலிக்காது என்றதில்தான் இவனுக்கு உயிர் போயிற்று. வலித்தால் பிள்ளை அழும், அழுதால் ஓடலாம். வலிக்காததை எங்கே போய்த் தேடுவது? பக்கத்து வீட்டு அக்கா, பள்ளிக்கூடத்தில் போட்ட ஊசிதான் காரணம் என்று சத்தியமே பண்ணினது. அதையும் கேட்டான். ஊசி போட்டு ரொம்ப நாள் ஆச்சு, இவளுக்குச் சளியால வந்ததுதான், ஊசியை நிறுத்திடாதீங்க என்றார். கதவுவரை போனவன் திரும்பி வந்து, "ஏனுங்க மேடம், தின்னர் பட்டா இப்படி வருங்களா?" என்று கேட்டுவிட்டான். டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அதுனால வரலை. நீங்க தேய்க்கறதுக்கு முன்னாடியே வந்த புள்ளி அது" என்றார். அது அவனுக்கே தெரியும். புள்ளி வந்ததனால்தானே தேய்த்தான். தெரிந்தும் என்ன, மனசு கேட்கிறதா? ராத்திரி தூக்கத்தில் பிள்ளையின் கால் தட்டுப்பட்டால்கூடக் கையை இழுத்துக்கொள்கிறான்.

புள்ளிகள் மங்கின. முதலில் மெரூன், அப்புறம் காப்பி நிறம், அப்புறம் பழைய துருக்கறை மாதிரி, ஒரு நாள் ஒன்றுமே இல்லை. வீக்கம் வடிந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். தெருவில் எல்லோரும், பிள்ளைக்குச் சரியாயிருச்சாமே என்கிறார்கள். இந்த வீட்டில் மட்டும் சரியாகவில்லை. இந்த வீட்டில் கிட்னி என்கிற வார்த்தையைச் சொல்லாமலே அதைச் சுற்றி நடமாடுகிறார்கள். ஆஸ்பத்திரி நடைபாதையில் பார்த்த ஒரு பொம்பளை, முழங்கையில் கயிறு முறுக்கின மாதிரி நரம்பு புடைத்து, ரத்தம் சுத்தம் பண்ணுகிற மிஷின் மாட்டிக்கொள்ளத் தன் முறைக்குக் காத்துக்கொண்டு பூ கட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கை கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு நாள் கலாமணி சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே, பக்கத்து வீட்டுக்குப் பாத்திரம் இரவல் கொடுக்கிறவள் மாதிரி, "அப்படி ஏதாச்சும் ஆச்சுன்னா என்னோடதுல ஒண்ணைக் குடுத்தறலாமுங்க" என்றாள். "ஏன், என்னோடதுக்கு என்ன கேடு?" என்றான் இவன். "நாளெல்லாம் பெயிண்டைக் குடிச்சது அது. எம்புள்ளைக்கு அதைப் போய் வைப்பாங்களாக்கும்." "உனக்குச் சின்ன வயசுலயே சக்கரை இருக்குதுன்னு உங்கப்பன் வீட்டுலயே சொல்லிக்கிறாங்க." பேச்சு அப்படியே ஏறி, மாவைப் போட்டுவிட்டு அவள் எழுந்து போக, இவன் சாப்பிடாமல் படுக்க, ஒன்றுமே ஆகாத ஒரு பிள்ளைக்கு யார் கிட்னி கொடுப்பது என்று புருசனும் பொண்டாட்டியும் ஒரு ராத்திரி முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார்கள். விடிந்ததும் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு அவள் அழுதாள். அன்றைக்குச் சொன்னாள், அந்தக் குச்சியை நான் பார்க்கமாட்டேனுங்க, நீங்களே பாருங்க, பார்த்துட்டு உங்க மூஞ்சியைக் காட்டுங்க, எனக்கு அது போதும் என்று.

முதல் வெள்ளிக்கிழமை பெரிய கூத்து. விடிவதற்கு முன்பே எழுந்து சமையல்கட்டு டியூப்லைட்டின் கீழே பார்த்தான், பச்சையாய்த் தெரிந்தது. டியூப்லைட்டில் ஷேடு பார்க்கக்கூடாது, எதுவானாலும் வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்துதான் பார்க்கவேண்டும் என்று பட்டறையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்கிறவன் இவன். அதை மறந்தான். கிண்ணத்தில் இருந்ததும் கடுந்தேநீர் மாதிரிக் கறுத்துப்போய் இருந்தது. "ஐயோ, என்ன இப்படி இருக்குது" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டான். வீட்டுக்குப் பின்னால் போய் மோட்டார் ரூம் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டம். லேபில் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது, பிள்ளை தண்ணி குடிக்கறது பத்தாது, அதனாலதான் கறுப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். அதிலிருந்துதான் வாசலிலேயே, வெயில் விழுகிற இடத்திலேயே பார்க்கிற ஏற்பாடு. அடுத்த வாரம் கிண்ணம் இளசாய், வெளிறிப்போய் வந்தது. குச்சி மஞ்சள். "தங்கமாட்டம் இருக்குதுடி எஞ்சாமி!" என்று கத்தி, அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, கலாமணி ஓடி வந்து, ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, அன்றைக்கு தோசைக்கு நெய். அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமை எல்லாமே மஞ்சள்தான். எல்லாமே நெய் தோசைதான். அப்படியிருந்தும் ஏன் இந்தப் பயம்? நல்லது நடக்கிறபோது வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

கதவு திறந்தது. ரெண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, தளும்பாமல் அடிமேல் அடி வைத்து வந்தாள். பாவாடை நுனி நனைந்திருந்தது. "இந்தாங்கப்பா." வாங்கினான். வாங்கின கை அப்படியே நின்றுவிட்டது. கிண்ணம் சில்லென்று இருந்தது. மார்கழிக் குளிர், பிளாஸ்டிக் கிண்ணம், கழுவி வைத்திருப்பாள், ஈரம் பட்டிருக்கும், அதனால் சில்லென்று இருக்கும் என்று மனசு நாலு பக்கமும் ஓடி ஓடிக் காரணம் கொண்டுவந்து கொட்டியது. கை ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை பிறந்த புதிதில் எத்தனை தரம் மடியில் போயிருக்கிறாள், அந்தச் சூடு தெரியாதா இந்தக் கைக்கு? கொஞ்சம் தாமசமானாலும் வெதுவெதுப்பாவது இருக்கவேண்டாமா? குழாய்ச் சத்தம். போன வாரமும் கேட்டது. அதற்கு முந்தின வாரமும். கிண்ணத்தை வெயிலில் காட்டினான். நிறமா அது, பேருக்கு நிறம் காட்டின தண்ணீர். ஒரு டப்பா பெயிண்டில் எவ்வளவு தின்னர் ஊற்றியிருக்கிறது என்று பார்த்தவுடனே சொல்கிற கண்ணு இத்தனை வாரமாய் எங்கே போயிருந்தது? எங்கேயும் போகவில்லை. மஞ்சளைப் பார்த்தால் போதும் என்றிருந்தது, பார்த்தது. குச்சியை நனைத்தான். நல்ல மஞ்சள். அப்பழுக்கில்லாத மஞ்சள். இத்தனை வெள்ளிக்கிழமையும் முனிசிபாலிட்டித் தண்ணீருக்குத்தான் கிட்னி நன்றாக இருந்திருக்கிறது. நிமிர்ந்து பார்த்தான். பிள்ளை குச்சியைப் பார்க்கவில்லை. அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள், எப்போது சிரிப்பான் என்று.

"மௌனி, இதுல தண்ணி ஊத்துனீங்களா சாமி?" கேட்கிறபோது குரல் எப்படி வருமோ என்று அவனுக்கே பயமாக இருந்தது. நல்லவேளை, மெதுவாகத்தான் வந்தது. அவள் கீழே பார்த்தாள். கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாள். "கொஞ்சூண்டு." "எப்ப இருந்து?" "தெரியல. நிறைய நாளா." "ஏஞ்சாமி?" உதடு பிதுங்கியது. "அன்னைக்கு டீ மாதிரி இருந்துச்சுல்ல. நீங்க மோட்டார் ரூமுக்குப் பின்னாடி போயி நின்னீங்க. நான் பாத்தேன். அப்பறம் லேசா வந்துச்சு. நீங்க சிரிச்சீங்க. அம்மாவும் சிரிச்சாங்க." அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது? கோபம் வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. வாரக்கணக்காய் இந்த வீட்டில் இந்த ஒரு துண்டுப் பிள்ளைதான் அப்பனையும் ஆத்தாளையும் தூக்கிச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறது. வாயாடி வாயை மூடிக்கொண்டு குழாயைத் திறந்திருக்கிறது. சமையல்கட்டு வாசலில் கலாமணி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று முகமே சொன்னது. அவளும் திட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து பிள்ளையைப் பிடித்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். "திட்டுவீங்களா?" என்று அவள் வயிற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேட்டாள் மௌனிகா. "இல்லடா தங்கம். மறுக்கா ஒண்ணுக்கு வரும்ல, அப்ப ஊத்தாம குடுங்க. போதும்" என்றான் தண்டபாணி.

மறுக்கா வருவதற்குக் காத்திருந்தார்கள். நிறையத் தண்ணி குடிக்கக் கொடுத்தால் மறுபடி நீர்த்துப்போகுமே என்று ஒரு டம்ளரோடு நிறுத்தினாள் கலாமணி. பிள்ளை தோசை தின்றது. தின்றுகொண்டே பேச ஆரம்பித்தது. பல்லி குட்டி போட்டிருக்குது, முட்டையில்ல, குட்டிதான், நான் பாத்தேன், எங்க மிஸ்ஸுக்குக் கல்யாணம், சோப்பு எனக்குப் பிடிக்கவேயில்ல, வேற வாசனை வாங்குங்க என்று வாரக்கணக்கில் அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்து வந்தது. தண்டபாணி பட்டறைக்கு வரவில்லை என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டு, அவள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கிறானா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. போன வாரமே ஒழுகியிருந்தால்? அதற்கு முந்தின வாரமே ஆரம்பித்திருந்தால்? தள்ளிப்போட்டால் கஷ்டம் என்றாரே, எத்தனை தள்ளினால் கஷ்டம்? கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே. ஒன்றும் இருக்காது, முதல் தடவை லேபில் நன்றாகத்தானே இருந்தது, ஒன்றும் இருக்காது. இருந்தால்? மூடி போட்ட அந்தக் குச்சி டப்பாவை அவன் விரல் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே இருந்தது. "வருதுப்பா" என்று எழுந்து ஓடினாள். இவனும் எழுந்து பின்னாலேயே போனான். "சீ, நீங்க அங்கியே நில்லுங்க" என்று கதவைச் சாத்தினாள். உள்ளே பல்லியோடு பேச்சுச் சத்தம் கேட்டது. குழாய்ச் சத்தம் கேட்கவில்லை.

கிண்ணம் இப்போது சூடாக இருந்தது. பிள்ளையின் உடம்புச் சூடு. வாசலுக்குக் கொண்டுவந்தான். குச்சியை நனைத்து எடுத்து, ஓரத்தில் ஒற்றி, வெயிலில் பிடித்தான். மஞ்சள். மஞ்சள்தான். இன்னும் மஞ்சள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறபோதே ஓரத்தில் ஒரு தடுமாற்றம் தெரிந்தது, அவன் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற தடுமாற்றம். மஞ்சள் டப்பாவில் ஒரே ஒரு சொட்டு நீலம் விழுந்தால் வருமே, அது. அது கட்டம் முழுக்கப் பரவியது. டப்பாவில் அச்சடித்திருக்கிற கட்டங்களோடு வைத்துப் பார்த்தான். வெயிலை மாற்றிப் பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். பச்சைதான். அடர்த்தியில்லை, இளம்பச்சை. கலாமணி இதுவரை பார்க்காதவள், இன்றைக்குப் பக்கத்தில் வந்து நின்று குனிந்து பார்த்தாள். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை அவன் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வைக்குப் பழகிப்போன அவன் வாய் தானாகவே சிரிப்புக்குத் தயாரானது. கன்னம் ரெண்டும் மேலே ஏற ஆரம்பித்தன. சிரித்துவிடலாம், பிள்ளை சந்தோசமாக வண்டியில் ஏறும், போகிற வழியில் ஐஸ்கிரீம் என்று சொல்லலாம். இப்போது நான் சிரித்தால் நானும் தண்ணி ஊற்றின கணக்குத்தான் என்று நினைத்தான். ஏறின கன்னத்தை இறங்க விட்டான். அப்படியே குந்தி உட்கார்ந்தான், அவள் உயரத்துக்கு. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு மூஞ்சியும் தயார் பண்ணிக் காட்டவில்லை, இருந்ததைக் காட்டினான்.

"பச்சையா வந்துருச்சாப்பா?"

"ஆமா சாமி. கொஞ்சம் பச்சை."

"டாக்டரம்மாகிட்டப் போணுமா?"

"இப்பவே போணும். மருந்து இருக்குது. அவங்க குடுப்பாங்க."

அவள் கை நீட்டி, அவன் கன்னத்தில் முளைத்திருந்த தாடியை ஒரு தரம் எதிர்ப்பக்கமாய்த் தடவினாள்.

"உங்களுக்கு அழுகை வருதா?"

"வருது சாமி."

"சரி, அழுதுக்குங்க." அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். எலும்பு துருத்திய அந்தச் சின்னத் தோள் அவன் கண்ணில் குத்தியது. "சட்டுனு அழுதுருங்கப்பா. அப்பறம் அங்க கூட்டம் சேர்ந்துரும்."